ஸல்மானின் வரலாறும் சாயர்புரத்து ஆசிரியரின் வரலாறும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர், பெயர் வேண்டா. பள்ளிவாசலை ஒட்டிய வாசகசாலைக்கு நான் கொடுத்த நூல்களுள் ஒன்றை மட்டும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் பழைய செய்தித்தாளில் சுற்றி, அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் திருப்பித் தந்தார். "ஹஜ்ரத், இது நம் பிள்ளைகள் கையில் கிடைக்கலாமா? அதை நீங்களே கொண்டுவந்து வைக்கலாமா?" என்றார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தாமே எழுதிய நூல் அது. பெரியவர் நூலைப் படிக்கவில்லை, அட்டையைப் படித்தார்.

கிருஷ்ணபிள்ளை நெல்லைச் சீமையில் 1827இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். அங்கே ஊதியம் பெற்றுக்கொண்டே அம்மதத்தை எதிர்த்த காலமும் அவருக்கு உண்டு. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் அவர் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலேயர் ஜான் பனியனின் கதையைத் தழுவிக் கம்பன் நடையில் பாடியது. நம் உமறுப்புலவரும் சீறாப்புராணத்தைப் பாடக் கம்பன் வழியைத்தானே நாடினார்! தமிழ் வகையில் அவர் நமக்கு அயலார் அல்லர்.

பெரியவரிடம் நான் கேட்க நினைத்துக் கேளாது விட்டதை இங்கே கேட்கிறேன். ரபீஉல் அவ்வல் மாதத்து மஜ்லிஸ்களில் ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்டுக் கண் கலங்காதவர் நம்முள் உண்டா? அந்த வரலாறு யாருடைய வாய்மொழி? ஸல்மான் தாமே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் சொன்னது. இஸ்பஹானில் நெருப்பைப் பேணிய வீட்டுப் பிள்ளை, தந்தை ஏவிய வேலைக்குப் போகும் வழியில் ஒரு தேவாலயத்தில் தொழுகைக் குரல் கேட்டு உள்ளே நுழைகிறார். பொழுது சாயும்வரை அங்கேயே நிற்கிறார். நம் மார்க்கத்தினும் இது மேலானது என்று முடிவு செய்கிறார். தந்தை காலில் விலங்கிடுகிறார். அதை உடைத்து ஷாம் நாட்டுக்கு ஓடுகிறார். மதீனாவில் அண்ணலாரை (ஸல்) அடையும் முன் அவர் கண்டடைந்தது கிறிஸ்தவம் அன்றோ!

அவர் எதையும் மூடவில்லை. ஏழைகளின் பேரால் பெற்ற தர்மத்தை ஏழு ஜாடிகளில் பொன்னும் வெள்ளியுமாகப் பதுக்கிய மதகுருவைச் சொல்கிறார். அவருக்குப் பின் வந்தவரையோ, ஐவேளைத் தொழாதவர்களில் இவரினும் மேலானவரைத் தாம் கண்டதில்லை என்று சொல்கிறார். ஸஹாபி ஒருவர், முஸ்லிமான பின், ஒரு பாதிரியாரைப் பற்றிச் சொன்ன சொல் இது! நம் முன்னோர் அதை ஓர் எழுத்தும் குறைக்காமல் எழுதி வைத்தார்கள்.

பெரியவரின் அச்சத்துக்கும் நம் கிதாபுகளில் இடம் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. முஃதஸிலாக்களை மறுத்து ஹாரிஸ் முஹாஸிபீ நூல் எழுதியபோது, இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அதைக் கண்டித்தார்கள். மறுப்புக்கு முன் எதிரியின் வாதத்தை எடுத்துரைத்தீர். வாதத்தைப் படிப்பவன் மறுப்பைப் படிக்காமல் போனால் என்னாவது என்பது அவர்கள் கேள்வி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் முன்கித் நூலில் இதைக் குறிப்பிட்டு விடையும் சொல்கிறார்கள்: கண்டனம் சரியே, ஆனால் பரவாத ஐயத்துக்கே அது பொருந்தும், பரவிவிட்டதற்கு விடை சொல்லியே தீர வேண்டும். இன்று பிள்ளைகளின் கைபேசியில் வராத ஐயம் எது? ஸல்மானின் நெடிய வரலாற்றைத் தம் முஸ்னதில் பதிவு செய்தவர்களும் அதே இமாம் அஹ்மது அவர்களே என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள்.

ஐரோப்பியர் முஹம்மது அஸத் தாம் இஸ்லாத்துக்கு வந்த கதையை 1954இல் எழுதினார். அதை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத் தக்கதே. அவர் பெற்றோர் யூதர்கள். தம் பிள்ளைகள் கையில் அந்நூல் படக்கூடாதென்று யூதப் பெரியவர் ஒருவர் அதைச் செய்தித்தாளில் சுற்றினால் நாம் என்ன சொல்வோம்?

கிருஷ்ணபிள்ளை வந்து சேர்ந்த இடம் எனக்கு உடன்பாடன்று. ஒருவர் பாவச் சுமையை மற்றொருவர் சுமப்பார் என்பதைக் குர்ஆன் பல இடங்களில் மறுக்கிறது. அவர் நெஞ்சு அதில்தான் ஆறுதல் கண்டது. என் அறிவு அங்கே நின்றுவிடுகிறது. ஆனால் அந்தச் சுமையை அவர் உணர்ந்தாரே, அந்த உணர்ச்சி பொய்யன்று. தௌபாவைப் பற்றி நாற்பது ஜும்ஆக்கள் பேசியும் எனக்குப் பிடிபடாத ஒன்று அந்நூலைப் படித்த இரவில் பிடிபட்டது என்று சொன்னால் என்னைக் கோபிப்பவர் கோபிக்கட்டும்.

இதை நான் எழுதக் காரணம் வேறு. என்னிடம் அரபி ஓதிய இளைஞர் ஒருவர் அந்த வாசகசாலையில் இந்நூலைப் படித்திருக்கிறார். அதற்குப் பிறகே, ஓராண்டாகத் தொழுகையில் தமக்கு மனம் நிற்கவில்லை என்று என்னிடம் வாய் திறந்தார். வீட்டில் அத்தாவிடம் சொல்லியிருந்தால் அறை விழுந்திருக்கும். என்னிடம் சொல்லவும் அஞ்சியிருக்கிறார். மதம் மாறும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. தம் நெஞ்சைத் திறந்து எழுதிய ஒரு மனிதரைக் கண்டதும் தம் நெஞ்சையும் திறந்தார், அவ்வளவே. ஹிஜ்ரி 488இல் பக்தாதில் பெரும்புகழோடு இருந்த கஸ்ஸாலி (ரஹ்) ஆறு மாதம் தவித்து நா எழாமல் போனதையும், தம் போதனையில் புகழாசை கலந்திருந்ததையும் தாமே எழுதிய பக்கங்களை அவருக்கு ஓதிக் காட்டினேன். "நம்மவரும் இப்படி எழுதியிருக்கிறார்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். மதரஸாவில் ஏழாண்டு ஓதியவர் கேட்ட கேள்வி இது. வெட்கம் எனக்குத்தான்.

செய்தித்தாள் சுற்றிய நூல் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வரும் ரபீஉல் அவ்வலில் அதே பள்ளிவாசலில் ஸல்மான் (ரலி) வரலாற்றைச் சொல்லும் முறை என்னுடையது. தேவாலயத்தையும் அந்த ஏழு ஜாடிகளையும் விட்டுவிட்டுச் சொல்லவா என்று பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.