மேல் மூலையில் என்ன அச்சடிப்பது?

மதுரை, தென்மண்டல அஞ்சல்துறைத் தலைவர் அவர்களுக்கு,

முக்கூடலில் சின்ன அச்சகம் நடத்துகிறேன்.

எங்கள் ஊரைப் பீடி ஊர் என்பார்கள். என் அச்சகத்துக்குச் சோறு போடுவது என்னவோ கொடை நோட்டீஸ்தான். சித்திரை தொடங்கி ஆடி முடிய அம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் கொடை விழா நடக்கும். கொடைக்குக் குடும்பவாரியாகத் தலைக்கட்டு வரி கொடுக்க வேண்டியவர்களில் பலர் சென்னையிலும் மும்பை தாராவியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் தபாலில் போகும். கொஞ்சம் வசதியான கோவில் என்றால் விழா மலரும் போகும். கவரை ஒட்டமாட்டோம். மூடியை உள்ளே செருகி, மூலைகளில் மஞ்சள் தொட்டு, மேலே ‘புக் போஸ்ட்’ என்று அச்சடித்திருப்போம். ஈய எழுத்துக் காலத்தில் என் அப்பா அந்த இரண்டு சொல்லையும் ஒரே கட்டாக நூல் சுற்றி வைத்திருந்தார். வேலை முடிந்தாலும் எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடமாட்டார். நாளைக்கே திரும்ப வேண்டியிருக்கும் என்பார்.

அந்தக் கட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

2024 டிசம்பர் 18-இல் பதிவு அச்சுப் புத்தகம் என்ற தபால் வகை நின்றுபோனது. பதிப்பகத்தார் குரல் கொடுத்தார்கள். 2025 மே 1-இல் புத்தகங்களுக்கென்று ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எந்த அச்சகத்துக்காரனுக்கு அது கசக்கும்? ஆனால் விளம்பரம் இருந்தால் சேராது. ஐயா, விளம்பரம் இல்லாத விழா மலரை நான் இதுவரை அடித்ததில்லை. பின்னட்டையில் ஜவுளிக்கடை, உள்ளட்டையில் நகைக்கடை, நடுவில் மாவுமில்லும் பந்தல்காரரும். அச்சுக்கூலியே அவர்கள் கொடுப்பதுதான். சாமி பாட்டும் வரிக்கணக்கும் இருக்கிற அந்த மலர் புத்தகமா, வணிக வெளியீடா?

கணக்கைப் பாருங்கள். ஏ5 அளவில் 64 பக்கம், 70 ஜிஎஸ்எம் தாள், கெட்டி அட்டை: ஏறக்குறைய 90 கிராம் வரும். பழைய புக் போஸ்டில் முதல் 50 கிராமுக்கு 4 ரூபாய், அடுத்த 50-க்கு 3. ஆக 7 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல் வந்த ஸ்பீடு போஸ்ட் கட்டணப்படி அதே மலர் மும்பை போக 72 ரூபாய், 18 சதவீத வரியோடு 85. பதிவுத் தபாலும் இப்போது ஸ்பீடு போஸ்டுக்குள் போய்விட்டது. மலரின் அடக்கவிலையே அவ்வளவு வராது.

நின்றது பதிவு வகை. ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் எல்லாமே புக் போஸ்ட்தான். போன வருஷம் ஒரு கோவிலுக்கு 400 கவர் கட்டிக் கொண்டுபோனேன். எந்த ஊர் அஞ்சலகம் என்று சொல்லப்போவதில்லை; அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். முதல் நாள், “அது நிறுத்தியாச்சு” என்றார்கள். மறுநாள் வேறொருவர் வாங்கிக்கொண்டார். அதில் சில கவர்கள் சாமக்கொடை முடிந்து, பந்தல் பிரித்த பிறகு போய்ச் சேர்ந்தன. வரிக்காரர்கள் என்னைத்தான் கேட்டார்கள்.

“வாட்ஸ்அப்ல போட்டாச்சு, பொறவு எதுக்கு அண்ணாச்சி நோட்டீசு?” என்று கேட்கும் இளவட்டங்கள் இருக்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆயிரம் அடித்த இடத்தில் இன்று முந்நூறு கேட்கிறார்கள். முந்நூறுக்காக ஆப்செட்டில் பிளேட் போட்டால் கட்டாது. டிஜிட்டலில் அடித்து, ஒவ்வொன்றிலும் வரிக்காரர் பெயரையே அச்சிட்டுக் கொடுக்கிறேன். வரி அனுப்ப கியூஆர் கோடும் உண்டு. பளபளப்பான ஆர்ட் தாளில் வெளிச்சம் பட்டால் போன் அதைப் படிக்கத் திணறும் என்று பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளுக்கு மாறினேன். போனில் வந்த நோட்டீஸ் நாலு நாளில் மேலே போய்விடும். கவரில் வந்தது பூஜை அலமாரியில் கிடக்கும், அடுத்த கொடை வரை.

தபால் கட்டணம்தான் எங்கள் தாளை முடிவு செய்கிறது. 70 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 4.4 கிராம். மூன்று தாளும் கவரும் சேர்ந்தால் 20 கிராமுக்குள் அடங்கி 5 ரூபாய்த் தபாலில் போகும். நான்காவது தாள் வைத்தால் 10 ரூபாய். ஆகவே வகை மாறுவது அடித்து மடித்துக் கட்டிய பிறகு தெரிந்தால் பயனில்லை.

கட்டணம் டெல்லியில் முடிவாகிறது; அதைக் குறைக்க உங்களைக் கேட்கவில்லை. நான் கேட்பது உங்கள் கைக்குள் இருப்பதுதான். ஒட்டாத கவரில் போகும் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, விளம்பரம் உள்ள விழா மலர் ஆகியவை எந்த வகையில், எவ்வளவுக்குப் போகும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, உங்கள் மண்டலத்தின் எல்லாத் துணை அஞ்சலகங்களிலும் ஒட்டச் சொல்லுங்கள். மாறினால் ஒரு மாதம் முன்பே மாற்றி ஒட்டுங்கள். வேண்டுமானால் கூலி வாங்காமல் நானே அச்சடித்துத் தருகிறேன்.

அடுத்த கொடைக்குக் கவர் வடிவமைப்பு தயார். வலது மேல் மூலையை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் அச்சகத்துக்காரன்