பத்தாவது சுற்றிலும் பிடிக்கிற பிரேக்

டிராக் டேக்குக் காரைத் தயார் செய்கிறவர்கள் பணம் போடும் வரிசை எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். முதலில் எக்ஸாஸ்ட், அடுத்து ஈசியூ ரீமேப், அதற்கடுத்து அலாய் வீல். கையில் ஏதாவது மிஞ்சினால் பிரேக் பேட். சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஆசைதீர ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு இப்போது நம் ஊரில் பலருக்கும் கிடைக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொதுச் சாலையில் பாய்வதைவிட ஆயிரம் மடங்கு நல்ல பழக்கம் இது. அது நல்லபடியாக வளர வேண்டும் என்பதால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். முதல் செலவு பிரேக்குக்கு.

கணக்கைப் பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார். ஊருக்குள் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அதை முழுதாக நிறுத்தினால் சுமார் 2.7 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். டிராக்கில் நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும்போது 160இலிருந்து 80க்கு இறக்கினால் 8 லட்சம் ஜூலுக்கு மேல். இரண்டிலும் குறைந்தது அதே 80 கிலோமீட்டர்தான். ஆனால் வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் ஏறுவதால் வேலை மூன்று மடங்கு. அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. காற்றும் என்ஜினும் தடுக்கும் பங்கு போக மீதியெல்லாம் பிரேக் தலையில்தான் விழும், அதுவும் மூன்று நான்கு வினாடிக்குள். அடுத்த வளைவில் மறுபடி. நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக் என்பதாலும், பிரேக் போட்டதும் எடை முன்பக்கம் சாய்வதாலும், இந்த வெப்பத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது முன்னால் இருக்கும் இரண்டே டிஸ்க்குகளும் நான்கு பேட்களும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். விலை உயர்ந்த பேட் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் முதல் தடவை ஓங்கி மிதிக்கும்போது, கம்பெனியிலிருந்து வந்த சாதாரண பேடே சக்கரத்தை இறுக்கிப் பிடித்து ஏபிஎஸ்ஸை எழுப்பிவிடும். அந்த இடத்தில் நிறுத்தும் தூரத்தை முடிவு செய்வது டயர். டயர் தாங்குவதற்கு மேல் எந்தப் பேடும் பிடிக்க முடியாது. டிராக் பேடுக்கு நாம் கொடுக்கும் பணம், முதல் சுற்றில் பிடித்த அதே பிடி பத்தாவது சுற்றிலும் இருக்க வேண்டும் என்பதற்காக.

1953ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை இதற்காகவே நினைத்துக்கொள்வேன். ஜாகுவார் சி-டைப்பில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்தி டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஜெயித்தார்கள். டிரம் பிரேக்கும் ஒரு தடவை நன்றாகவே நிறுத்தும். ஆனால் அதற்குள் சேரும் சூடு வெளியேற வழியில்லாமல் மணிக்கணக்கில் பலவீனமாகிக்கொண்டே போகும். டிஸ்க் திறந்த வெளியில் சுழன்று காற்றில் சூட்டை விட்டுவிடும். எதிரணி ஓட்டுநர்கள் பிரேக்கைக் காப்பாற்றிக்கொள்ள முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருந்தபோது, ஜாகுவார்காரர்கள் தாமதமாக மிதிக்க முடிந்தது.

சரி, பேட் ஏன் கைவிடுகிறது? நாரும் உலோகத்தூளும் கிராஃபைட்டும் இன்னும் பல பொருள்களும் ஃபீனாலிக் ரெசின் என்ற பிசினால் இறுகியிருக்கும் கட்டிதான் பேட். சாலைக்கான பேட்கள் பெரும்பாலும் 350, 400 டிகிரி செல்சியஸ் வாக்கில் திணற ஆரம்பிக்கும். பிசின் சிதைந்து வாயு வெளியேறும், உராய்வு சரியும். அப்போது பெடல் வழக்கம்போல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் குறையாது. பெடல் தொளதொளத்துத் தரைவரை போனால் அது வேறு நோய்: பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி சேர்ந்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பேடை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேடில் தேய்ந்தது போக மிச்சமிருக்கும் தடிமன்தான் சூட்டை ஆயிலுக்குப் போகாமல் தடுக்கும் சுவர் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு டிராக்கில் இறங்க வேண்டாம்.

ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் பேட் பற்றிப் பேசுவது வீண். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே தேறிவிடும். இந்த மாதிரி கிளைகோல் வகை ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓடும் காருக்கு இதைவிடப் பாதகமான விஷயம் இல்லை. வெயிலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். 500 டிகிரியில் தகிக்கும் டிஸ்க்குக்கு வெளியே 30 டிகிரியா 40 டிகிரியா என்பது பெரிய வித்தியாசமே இல்லை. நம் பிரேக்கைத் தோற்கடிப்பது வியர்வை காயாத அந்தப் புழுக்கம்தான். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயில் புதிதாக 312 டிகிரி வரை கொதிக்காது. டிராக் டேக்கு முந்தைய வாரம் ஆயிலை முழுதாக மாற்றிக் காற்றெடுத்துவிடுங்கள். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு இருபதாயிரம் ரூபாய்க்குப் பேட் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

செட்டிபாளையத்தில் ஒரு கோவைத் தம்பி பேட் பெட்டியை நீட்டிக் கேட்டார். "ஏனுங்ண்ணா, இதுல உராய்வு 0.6னு போட்டிருக்காங்க. அதிகமா இருந்தா நல்லதுதானுங்களே?"

"டயர் என்ன தம்பி போட்டிருக்கீங்க?" என்றேன்.

"கம்பெனி டயர்தானுங்ண்ணா."

அந்த டயருக்கு 0.6 பேட் போட்டால் கால் பட்டதும் ஏபிஎஸ் துடிக்கும். பெடலை நிதானமாக அளந்து மிதிக்கவே வராது. சாலைக்கான பேட்கள் பொதுவாக 0.35, 0.4 பக்கம் இருக்கும். பெட்டியில் பார்க்க வேண்டிய விவரம் வேறு: எந்த வெப்பத்திலிருந்து எந்த வெப்பம் வரை அந்தப் பிடி மாறாமல் நிற்கும் என்று தயாரிப்பாளர் தரும் வரைபடம். பேடின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சிட்டிருப்பார்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வைக் குறிக்கும், இரண்டாவது சூடான நிலையில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. அந்த எழுத்தை நம்பி டிராக்குக்குப் பேட் வாங்கக் கூடாது, ஏனென்றால் அந்தச் 'சூடான' சோதனை 343 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. டிராக்கில் நம் கதை தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் மேல்வரம்பு அதிகமாக இருக்கும் ரேஸ் பேடையே போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இங்கேதான். வெப்ப வரம்புக்குக் கீழ்முனையும் உண்டு. ஃபெரோடோவின் டிஎஸ்2500 போன்ற நடுத்தர வகைப் பேட்கள் குளிர்ந்த நிலையிலிருந்தே பிடித்து 500 டிகிரி வரை போகும். அசல் ரேஸ் பேட்கள் பல 600, 700 டிகிரியை அலட்டாமல் தாங்கும், ஆனால் 200 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இருங்காட்டுக்கோட்டையில் நாள் முடிந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னை திரும்பும்போது, பூந்தமல்லி வருவதற்குள் பேட் முழுக்க ஆறியிருக்கும். பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிஷம் வந்திருப்பீர்கள். அப்போது ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே திரும்பினால், ஒரு குழந்தை ஓடி வந்தால், கால் வைக்கிற முதல் மிதிக்கே அந்தப் பேட் பிடித்தாக வேண்டும். டிராக்கில் பிரேக் போனால் மண் விரித்த ஓரம் இருக்கிறது, டயர் அடுக்கிய தடுப்பு இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. பூந்தமல்லியில் இருப்பது மனிதர்கள். ரேஸ் பேடோடு வீட்டுக்கு ஓட்டிப் போகிறவர்களிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன், இனியும் கோபப்படுவேன்.

ரேஸ் பேட் தேவைப்படும் அளவுக்கு வேகமானவர் என்றால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான காலிப்பரில் கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கி, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பேடை மாற்ற, பழகிய கைக்கு ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் போதும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து ஆற அமரச் செய்ய வேண்டிய வேலை. பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் தொட்டி நிரம்பி வழிந்து பெயின்ட்டை அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். இதை மறந்து கிளம்பினால் முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும். இரண்டு செட்டும் ஒரே தயாரிப்பாளரின் பொருந்தும் வகைகளாக இருப்பது நல்லது. பேட் தன் மேற்பரப்பிலிருந்து மெல்லிய படலம் ஒன்றை டிஸ்க்கில் படியவிட்டு, அந்தப் படலத்தின் மேல்தான் பிடிக்கிறது. வேறு கலவையின் படலம் ஏற்கெனவே இருந்தால் அதிர்வும் ஏறுக்குமாறான பிடியும் வரும்.

பின்பக்கத்தில் கைவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் டிஸ்க் உள்ள காரில் முன்னால் சாதாரண பேடும் பின்னால் கடுமையான பேடும் போடவே கூடாது. பிரேக்கில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்காமல் ஓட்டும் கார்களில், நாம் மிதிக்காதபோதும் கணினி தனித்தனிச் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் பின்பேட் எதிர்பாராமல் கருகுவதுண்டு. அதற்காக அதை அணைக்கச் சொல்லவில்லை. பின்னாலும் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

புதுப் பேடை டிராக்கில்தான் பழக்க வேண்டும், சாலையில் வேண்டாம். முதல் செஷனில் பின்னால் யாரும் ஒட்டி வராதபோது நடுத்தர அழுத்தத்தில் பலமுறை வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், வரவரச் சூட்டை ஏற்றி, பிறகு ஒரு சுற்று முழுக்க பிரேக்கைத் தொடாமல் ஆறவிட வேண்டும். பிட்டுக்குள் வந்ததும் பெடலை அழுத்திக்கொண்டு நிற்பதும் ஹேண்ட் பிரேக் இழுப்பதும் கூடாது. கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

தனக்கு எது வேண்டும் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? வெப்பத்தை அளந்து பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பில் பூசும் வெப்ப வண்ணம் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560 டிகிரியிலும், சிவப்பு 610 டிகிரியிலும் வெளுக்கும். பிட்டில் நின்றபின் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளப்பதைவிட இதை நம்பலாம், ஏனென்றால் நீங்கள் உள்ளே வரும் சுற்றிலேயே டிஸ்க் பாதி ஆறிவிடுகிறது. கம்பெனி டயரில் முதன்முதலாக வருகிறவர்களுக்குப் புது ஆயிலும், தடிமன் குறையாத நல்ல சாலைப் பேடும், சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஆறவிடும் பொறுமையும் பெரும்பாலும் போதும். வேகம் கூடக் கூட பேட் தானாகவே தன் எல்லையைக் காட்டும்.

அந்தக் கோவைத் தம்பிக்கும் இதையே சொன்னேன். 0.6 பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆயிலை மாற்றி வண்ணம் பூசிக்கொண்டார். அடுத்த முறை பார்த்தபோது பச்சை முழுக்க வெளுத்திருந்தது, ஆரஞ்சு அப்படியே இருந்தது. சாலைப் பேடைத் தாண்டிவிட்டார், அசல் ரேஸ் பேட் வரைக்கும் போகவில்லை. நடுத்தர வகை முன்பேட் ஒரு செட் வாங்கச் சொன்னேன். அதிலும் பெடல் கெட்டியாக இருந்தும் பிடி குறைந்தால் அந்தச் செஷனை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும், பிடி அதிகமுள்ள டயருக்கு மாறும் நாளில் வண்ணத்தை மறுபடி பூசி முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றேன்.