தண்டப்பணத்துக்காக அல்ல, தலைக்காகவே கவசம்

ஹட்டன், நுவரெலியா வீதிகளின் வளைவுகளிலும் பனிமூட்டத்திலும் மோட்டார் சைக்கிளில் செல்லும் நமது இளைஞர் பலர், தண்டப்பணத்துக்கு அஞ்சியே மலிவான தலைக்கவசமொன்றை அணிகின்றனர். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாகவே நிர்ணயிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. மலிவை நாடுவது குற்றமன்று. ஆயினும் எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் உண்டா என நோக்குதல் அவசியம். நெற்றியையும் கன்னங்களையும் சீராகப் பற்றி, வாரைப் பூட்டித் தலையை அசைத்தாலும் நழுவாததே பொருத்தமானது. வலி தரும் கவசம் விரைவில் கைக்கு மாறிவிடும். ஒருமுறை பலமாக மோதுண்டதை, வெடிப்புத் தென்படாவிடினும் கைவிட வேண்டும்; அதிர்வைத் தாங்கும் உட்பகுதி நசுங்கியிருக்கும். பின்னிருப்பவருக்கும் சட்டம் ஒன்றே. தரமான கவசங்களைத் தவணை முறையில் பெற்றுக்கொடுக்கத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.