பட்டியில் புகுந்த மர்ம விலங்கு

"மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி" என்ற தலைப்பைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். எந்த மாவட்டமானாலும் விவரம் ஒன்றுதான். இரவு பட்டியில் அடைத்த ஆடுகள் காலையில் செத்துக் கிடந்தன, கழுத்தில் பல் பதிந்த காயம், இரத்தம் உறிஞ்சப்பட்டிருந்தது, ஊரில் பீதி. அந்த விலங்கு எது என்று பிறகு தெரிந்ததா என்பதை யாரும் கேட்பதில்லை. ஆடு பறிகொடுத்த விவசாயிக்கோ அதுதான் வேண்டிய சங்கதி.

சென்ற ஆண்டு மாசியில் அந்தச் செய்தி என் பட்டிக்கே வந்தது. காங்கயம் பக்கம் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் பட்டி போட்டு, செம்மறிகளை அடைத்துவிட்டு, ஆள் வீட்டுக்கு வந்து படுப்பது எங்கள் வழக்கம். விடியுமுன் பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஓடி வந்தார். 7 ஆடுகள் செத்துவிட்டன. 4 ஆடுகள் எழ முடியாமல் கிடந்தன. விலங்கை அவர் டார்ச் அடித்து நேரிலேயே பார்த்திருக்கிறார். "நாயும் இல்லே, நரியும் இல்லே, தம்பி. கன்னுக்குட்டி ஒசரம், மேலுல மசுரே இல்லே, கண்ணு ரெண்டும் தணல் மாதிரி எரியுது" என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

நான் போய்ச் சேர்வதற்குள் இருபது பேர் கூடிப் பட்டியைச் சுற்றி மிதித்திருந்தார்கள். சிறுத்தை என்றார் ஒருவர்; கழுதைப்புலி என்றார் இன்னொருவர். வெயில் ஏறுமுன் குழி வெட்டிப் புதைத்துவிடலாம் என்று மண்வெட்டியும் வந்துவிட்டது. இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். கால்நடை மருத்துவரும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து பார்க்கும்வரை செத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புதைத்துவிட்டால் பிறகு நம் பேச்சுக்கு மதிப்பில்லை.

படலுக்கு அடியில் மண் பறித்திருந்த இடத்தில் மட்டும் மிதிபடாத தடங்கள் இரண்டு இருந்தன. யாரும் மிதித்துவிடாமல் அவற்றின் மேல் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தோம். தடத்தின் அளவு பின்னால் தெரிய அது உதவும். நான்கு விரல்; ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் நகம் குத்திய புள்ளி. சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் தடம் நகக் குறி இல்லாமல் வட்டமாக இருக்கும். நாய், நரி, கழுதைப்புலி மூன்றுக்கும் நகம் பதியும். ஆனால் கழுதைப்புலிக்கு முன்னங்கால் தடம் பின்னங்கால் தடத்தைவிடப் பெரியது. எலும்பை நொறுக்கித் தின்பதால் அதன் எச்சம் காய்ந்தபின் சுண்ணாம்பு போல வெளுத்துக் கிடக்கும். அப்படி எதுவும் அங்கே இல்லை.

தடத்தைவிடக் காயத்தில் அதிகம் தெரியும். சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்திக் கொல்லும்; பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். (அடைத்த பட்டிக்குள் புகுந்தால் பல ஆடுகளைக் கொல்வதும் உண்டு, ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.) நாய்க் கூட்டம் அப்படியல்ல. துரத்தித் துரத்திப் பின்தொடை, விலா, வால், காது என்று கிடைத்த இடத்தில் கடிக்கும். பல ஆடுகளைக் குதறிவிட்டுத் தின்னாமலே போகும். என் ஆடுகளில் பின்தொடை கிழியாதது ஒன்றுகூட இல்லை.

இரத்தம் உறிஞ்சிய கதையும் அன்றே முடிந்தது. மருத்துவர் கழுத்துத் தோலை உரித்துக் காட்டினார். வெளியே சிறு துளைகள். உள்ளே கறுப்பாக இரத்தம் கட்டியிருந்தது. துளை சிறிதானால் இரத்தம் தோலுக்கடியிலேயே தேங்கிவிடும். இதயம் நின்றபின் வெளியே பாயாது.

பெரியவர் பார்த்த மயிரில்லாத உருவம் எது? இதே கதை கடல் கடந்தும் நடந்திருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் 1995-ல் ஆடுகள் இரத்தமின்றிச் செத்துக் கிடப்பதாகப் பரபரப்பு எழுந்தது. அந்த விலங்குக்கு 'சுப்பகாப்ரா' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் ஆட்டை உறிஞ்சுவது என்று பொருள். பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அந்த விலங்கே அகப்பட்டுவிட்டது என்று மயிரற்ற உடல்கள் சிலவற்றைக் காட்டினார்கள். சோதித்துப் பார்த்தால் அவை நம் நரியைப் போன்ற கயோட்டி என்னும் விலங்குகள். பலவற்றுக்குச் சொறி பிடித்து மயிர் உதிர்ந்திருந்தது. நம் ஊர் நாய்க்கும் நரிக்கும் அதே சொறி வருகிறது. மயிர் கொட்டிவிட்டால் காது பெரிதாகவும், கால் நீண்டும், முதுகு கூனியும் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் எந்த நாயின் கண்ணும் தணல்தான்.

எங்கள் ஊரில் சொறி பிடித்த உயரமான நாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் பங்காளி வீட்டு நாய். பகலில் வாசலில் படுத்திருக்கும். இரவில் அவிழ்த்துவிட்டால் கோழிக்கடைக் கழிவு கொட்டும் ஓடைக்கரைக்குப் போய்த் தெரு நாய்களோடு சேர்ந்துகொள்ளும். அன்று காலை அதன் வாயோரம் காய்ந்த இரத்தமும் ஆட்டு மயிரும் ஒட்டியிருந்தன. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருந்தது என்று பின்னால் அறிந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மர்ம விலங்கு என்று சொல்லிவிட்டால் யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. பங்காளி மனம் கோணாது. ஓடைக்கரைக் கழிவைப் பற்றி யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர் ஊருக்கெல்லாம் வசதி. நட்டம் ஆட்டுக்காரனுக்கு மட்டும்.

நட்டம் என்பது வெறும் பேச்சல்ல. காட்டு விலங்கு கொன்ற கால்நடைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. தெரு நாய் கடித்துச் சாகும் ஆட்டுக்கு, திருப்பூர், ஈரோடு மாவட்ட விவசாயிகள் செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போராடிய பிறகு, ஒன்றுக்கு 6,000 ரூபாய் என்று 2025-ல் அரசு அறிவித்தது. இரண்டுக்குமே, கொன்றது எது என்று காட்ட வேண்டும். மர்ம விலங்கின் கணக்கில் எந்த அலுவலகத்திலும் பணம் எழுத மாட்டார்கள். தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மனுவில் அதையும் எழுதுங்கள். கழிவு கொட்டும் இடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஆத்திரத்தில் செத்த ஆட்டுக்குள் குருணை மருந்து வைப்பவர்கள் உண்டு. அதைத் தின்று நரியும் கழுதைப்புலியும் கழுகும் செத்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு நம் மேல்தான் வரும். கடிபட்டுப் பிழைத்த ஆட்டுக்கு மஞ்சள் பற்று மட்டும் போட்டு விட்டுவிடுவதும் தவறு. கையில் உறை போட்டுக்கொண்டு, காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். என் 4 ஆடுகளில் 3 பிழைத்தன.

சத்தியமங்கலம், வால்பாறை, கூடலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே சிறுத்தை வருவது நிஜம். தடம் வட்டமாக, நகமின்றி இருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். மிச்சம் வைத்த இரையைத் தேடி மறுநாள் இரவும் அது வரக்கூடும். தனியாகக் காவல் இருக்க வேண்டாம்.

பங்காளியிடம் நானே போய்ப் படத்தைக் காட்டினேன். இரண்டு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. வைகாசியில் அவர் பையன் அந்த நாயைக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்ச் சொறிக்கு ஊசி போட்டு வந்தான். இப்போது இரவில் அது சங்கிலியில் கிடக்கிறது. மேலெல்லாம் மயிர் முளைத்துவிட்டது. பக்கத்துக் காட்டுப் பெரியவரிடம் காட்டினால், தான் பார்த்தது இது இல்லவே இல்லை என்கிறார்.