ஈ பறக்குந் தூரம்

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாட் காலை, எம் அயலில் வாழும் ஆச்சி ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "தம்பி, வெள்ளைச்சியின்ரை மேலெல்லாம் கட்டி கட்டியாய்க் கிடக்குது. ஒருத்தருக்குஞ் சொல்லாமல் இண்டைக்கே தந்தால் வேற்றூரிலை வித்துத் தாறன் எண்டு தரகர் நிக்கிறார். நான் என்ன செய்ய?" என்று கேட்டார். அவர் வீட்டு வருவாய் அந்த ஒரு பசுவின் பாலே என்பதை நாம் அறிவோம். ஆதலின் உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை.

ஆச்சி கண்டது தோற்கழலை நோய். கடுங் காய்ச்சலுடன் தொடங்கி, உடலெங்கும் உருண்டைக் கட்டிகளைத் தோற்றுவிப்பது; பாலை வற்றச் செய்வது; சில வேளை கருவையுஞ் சிதைப்பது. ஆட்டம்மையை உண்டாக்கும் வைரசுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரசே இதற்குக் காரணம். மனிதரை இது பற்றுவதில்லை.

இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது, இன்று சாம்பியா எனப்படும் நாட்டில், 1929ஆம் ஆண்டில். நச்சுச் செடியை மேய்ந்ததால் வந்ததோ, பூச்சிக்கடியால் தோல் தடித்ததோ என்றே அக்காலத்தார் எண்ணினர். அது தொற்றுநோய் என்பது 1940களிலேதான் தெளிவாயிற்று. நெடுங்காலம் ஆபிரிக்காவில் அடங்கிக் கிடந்த நோய், 1988இல் எகிப்திலும் 1989இல் இஸ்ரவேலிலும், 2013இல் துருக்கியிலும், 2015இல் கிரேக்கத்திலும் தோன்றிற்று. 2019இல் வங்காளதேசம், இந்தியா, சீனா ஆகிய நாடுகளை எட்டி, மறு ஆண்டு நம் நாட்டின் வடபகுதியிலுங் காலடி வைத்தது. 2022இல் இந்தியாவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அது பலிகொண்டது.

இத்துணைத் தூரம் அந்நோயைச் சுமந்து சென்றவர் யார்? "பூச்சிகள்" என்று மாணவர் விடையிறுப்பர். அவ்விடை பாதி உண்மையே.

பூச்சி நோய் பரப்பும் வழிகள் இரண்டு. ஆடுமாடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயை எடுத்துக்கொள்வோம். அதனைப் பரப்புவது நுளம்பினுஞ் சிறிய ஒருவகைக் கொசு. நோயுற்ற விலங்கின் குருதியோடு அதன் வயிற்றிற் சென்ற வைரசு, அங்கே பெருகி, சில நாட் கழிந்தே உமிழ்நீரை வந்தடையும். அப்பெருக்கத்துக்கு வெப்பம் வேண்டும். குளிரில் அது நின்றுவிடும். எனினும் 2006ஆம் ஆண்டின் கோடையில், அந்நோயை முன் அறியாத ஒல்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி முதலிய வடநாடுகளிலும் அது பரவிற்று. இங்கே பூச்சி, வைரசுக்கு ஒரு வளர்ப்பு வீடு.

தோற்கழலை நோயிற் பூச்சி செய்யுந் தொழில் வேறு. மாட்டின் காலைச் சுற்றிக் குத்துங் கடியீயைப் பலரும் கண்டிருப்பர். வீட்டு இலையானைப் போன்ற தோற்றமும், ஊசி போன்ற வாயும் உடையது அது. ஒரு மாட்டிற் குடிக்கும்போது அது வாலால் விரட்டினால், பசி தீராமலே அடுத்த மாட்டிற் போய்க் குத்தும். வாயிற் படிந்த வைரசு அவ்வழியே இடம் மாறும். ஒருவருக்கு இட்ட ஊசியைக் கழுவாமல் மற்றவருக்கு இடுவதை ஒத்தது இது. டெங்கு பரப்பும் நுளம்பும் இவ்வைரசைச் சில நாள் வரை கடத்தவல்லது என்று சோதனைகள் காட்டியுள்ளன. உண்ணிகளுக்கும் இதிற் பங்குண்டு.

இனி எண்ணிப் பாருங்கள். ஈ பெரும்பாலும் தன் பட்டியைச் சுற்றியே திரிவது; காற்று அதனைத் தொலைவுக்கு அடித்துச் செல்வது எப்போதோ நிகழ்வது. அடுத்த கொட்டிலுக்கு நோயைக் கொண்டு செல்வது ஈயானாலும், அடுத்த மாவட்டத்துக்கும் அடுத்த நாட்டுக்கும் கொண்டு செல்வது பெரும்பாலும் மாடு ஏற்றிய லொறியே. வைரசு புகுந்தபின் கட்டி வெளிப்பட ஒரு வாரம் முதல் நான்கைந்து வாரம் வரை செல்லும். ஆகவே வாங்குபவன் கண்ணுக்கு அம்மாடு நலமுடையதாகவே தோன்றலாம். நோய் தெரிந்தபின்னும் மறைத்து விற்பதோ, ஈயாற் செய்ய முடியாத தீங்கை நாமே செய்து முடிப்பதாகும்.

இதனையே ஆச்சிக்கு எடுத்துச் சொன்னோம். அவர் சற்று நேரம் நிலத்தைப் பார்த்திருந்து, "அங்கையும் என்னைப் போல ஒருத்தி இருப்பாளெல்லோ, தம்பி" என்றார். தரகர் வெறுங்கையுடன் சென்றார். மிருக வைத்தியருக்கு அறிவித்தோம். வெள்ளைச்சியைத் தனியே கட்டி, நுளம்பு வலை சுற்றி, சாணக் குவியலை அப்புறப்படுத்தி, மாலையிற் புகையும் இட்டார் ஆச்சி. பசு பிழைத்தது, தழும்புகளும் மாறவில்லை, பழைய பாலும் திரும்பவில்லை. நேர்மைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

அவ்விலையை ஏழை ஒருவரே சுமக்கவிடுதல் முறையோ? தென்கிழக்கு ஐரோப்பிய நாடுகள் 2016 முதல் எல்லா மாடுகளுக்கும் திரளாகத் தடுப்பூசி இட்டு இந்நோயை விரைவில் அடக்கின. அங்கே காத்தது தனியொருவர் தியாகமன்று. ஊர் முழுவதும் ஒன்றுபட்ட செயலே. நாமும் தடுப்பூசி இடும் நாளில் மாட்டை ஒளியாதிருப்போம். புதிதாக வாங்கிய மாட்டை நான்கைந்து வாரம் வேறாகக் கட்டுவோம். நோயை அறிவித்த அயலவரை விலக்காது, அவர் வீட்டு அடுப்பெரியக் கைகொடுப்போம். அறிவித்தவருக்கு நட்டமும் மறைத்தவருக்கு இலாபமும் கிடைக்கும் ஊரில், ஈயை மட்டும் பழித்துப் பயனில்லை.