அலமாரியில் அந்துருண்டை எதற்கு?

நவராத்திரி வந்துவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு வாசனை கிளம்பும். சுண்டல் வாசனையைச் சொல்லவில்லை. நான்கு மாதம் அடைந்து கிடந்துவிட்டுக் கொலுவுக்காக வெளியே வரும் பட்டுப்புடவையின் வாசனையைச் சொல்கிறேன். அதில் பாதி பூஞ்சைக் காளானின் முடை நாற்றம். மறுபாதி அதை அமுக்கப் போட்ட அந்துருண்டையின் நெடி. மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும் முலுண்டானாலும் இதில் வேற்றுமை இல்லை. இந்த அந்துருண்டையை, பாச்சை உருண்டை என்றும் சொல்வார்களே அதை, நம் படுக்கையறை அலமாரியிலிருந்து அறவே விலக்க வேண்டும் என்பது என் கருத்து. இது சின்ன விஷயம்தானே என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

முதலில் நாற்றத்தின் காரணத்தைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். இங்கேயோ ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. ஜூலை மாதத்தில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஏறத்தாழ 70 சதவீதம் இருந்தாலே பூஞ்சைக்குப் போதும். துணி, தோல் பெல்ட், ஒட்டுப்பலகை எதன் மீதும் படர்ந்துவிடும். ஆக, நம் எதிரி ஈரம். அந்துருண்டைக்கோ ஈரத்தை உறிஞ்சும் சக்தி சிறிதும் கிடையாது. அது பூச்சிக்கான மருந்து. நாற்றத்தின் மேல் இன்னொரு நாற்றத்தைப் போர்த்துகிறது, அவ்வளவே.

போர்த்துவதோடு நின்றால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். அந்துருண்டை நாப்தலீன் என்ற பொருளால் ஆனது. அது உருகாமலே ஆவியாகிக் கரைந்து போகும். உருண்டை சிறுத்துக்கொண்டே வருகிறதே, அந்தச் சரக்கெல்லாம் எங்கே போகிறது? துணிக்குள்ளும் நம் மூச்சுக்குள்ளும்தான்.

பெரியவர்களை விடப் பச்சிளங்குழந்தைகளுக்குத்தான் இதனால் பேராபத்து. ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. இந்தியாவில் பல சமூகங்களில் இக்குறை காணப்படுகிறது. வெளியில் பார்த்தால் தெரியாது. அத்தகைய குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகையும் கடும் மஞ்சள் காமாலையும் ஏற்படலாம். காமாலை முற்றினால் மூளையைத் தாக்கும், உயிருக்கே உலை வைக்கும். கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963-லேயே இதை எழுதி எச்சரித்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் நாப்தலீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் நாப்தலீன் அந்துருண்டைக்குத் தடையே போட்டுவிட்டது. நம் ஊர்க் கடைகளில் மட்டும் அது சோப்புக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் புதுத்துணி உறுத்தும் என்று பாட்டியின் பழைய நூல்புடவையைத் தேடி எடுக்கிறோம். அதிலேயே சுற்றுகிறோம், அதிலேயே தூளி கட்டுகிறோம். அருமையான வழக்கம், அதில் குறையே இல்லை. ஆனால் அந்தப் புடவை அந்துருண்டையோடு ஆண்டுக்கணக்கில் கிடந்ததாயிற்றே! போதாக்குறைக்குக் குழந்தைக்கு எண்ணெய் வேறு தேய்க்கிறோம். நாப்தலீன் எண்ணெயில் கரையக்கூடியது. எண்ணெய் பூசிய தோல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போகும்.

"எங்கள் பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டியின் டிரங்குப் பெட்டி உள்ளறையில் இருந்தது. வீட்டார் படுத்தது முற்றத்திலும் திண்ணையிலும். இங்கோ கட்டிலும் அலமாரியும் ஒட்டிக்கொண்டிருக்க, மழைக்காக ஜன்னலையும் சாத்திவிட்டு அதே அறையில் தூங்குகிறோம். மேலும், பாட்டிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் தெரியும். பூச்சிக்கும் இராமபாணத்துக்கும் அவற்றைச் சிறு துணியில் முடிந்து வைத்தால் போதுமே!

ஈரத்துக்கு என்ன வழி? செலவில்லாத வழிகளே அதிகம். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். நான்கு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள். ஒருமுறை உடுத்திய சட்டையை வியர்வையோடு உள்ளே மாட்டாதீர்கள். இஸ்திரி போட்ட துணியைச் சூடு ஆறியபின் வையுங்கள். துணியைத் திணித்து அடைக்காதீர்கள். காற்று புக வழி வேண்டும். மழை விட்ட நாளில் கதவை விரியத் திறந்து ஒரு மணி நேரம் மின்விசிறியை ஓட விடுங்கள். அடுக்குகளில் அடுப்புக்கரித் துண்டுகளையோ சிலிக்கா ஜெல் பொட்டலத்தையோ, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வையுங்கள். பட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடாமல் பழைய வேட்டியில் சுற்றி, மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். மழை ஓய்ந்ததும் மும்பைக்கு ஓர் அக்டோபர் வெயில் உண்டே, எல்லாரும் சபிக்கும் அந்த வெயில், அதில் நூல்துணிகளையும் மெத்தையையும் காயப்போடுங்கள். பட்டுக்கு நிழல் போதும்.

வீட்டில் பேறுகாலம் வருகிறதென்றால் அதற்கு முன்பே உருண்டைகளை அப்புறப்படுத்துங்கள். குழந்தைக்கான பழந்துணிகளைத் துவைத்து, நெடி முற்றும் போகும்வரை வெளியில் உலர்த்தி, அதன் பிறகே எடுத்து வையுங்கள். குழந்தைக்கு மஞ்சள் கண்டால், வீட்டில் அந்துருண்டை இருந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சுத்தமான அலமாரிக்கு என்று ஒரு வாசனை கிடையாது. திறந்தால் எதுவுமே மணக்கக் கூடாது. அதுதான் அதன் இலட்சணம். இந்தத் தீபாவளிக்குள் நம் சங்கக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அந்துருண்டைக்கு விடைகொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.