சேற்றைத் தரிசு என்போர்க்கு

கன்னிப்பூ அறுவடை முடிந்து, கும்பப்பூவுக்காக நாஞ்சில் நாட்டு வயல்கள் உழப்படும் புரட்டாசித் தொடக்கத்தில், தேரூர்க் குளக்கரையில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். வயல்களுக்கு நீர் ஈந்து ஓய்ந்த குளம், ஓரங்களில் ஒடுங்கிச் சேறு காட்டும். அச்சேற்றில், தவிட்டு நிற முதுகில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போன்ற சிறு பறவையொன்று வாலை ஆட்டி ஆட்டி இரை தேடும். அதன் பெயர் பொறி உள்ளான். ஐரோப்பாவின் வடபுலம் முதல் சைபீரியா வரை பரந்த சதுப்புக் காடுகளே அதன் பிறப்பிடம். முதிர்ந்த பறவைகள் முன்னரே புறப்பட்டுவிட, அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள் பின்னர்த் தாமே தெற்கு நோக்கி வருகின்றன. தாம் கண்டறியாத ஒரு குளம் தமக்காகக் காத்திருக்கும் என்னும் நம்பிக்கையோடு வருவன போல வருகின்றன.

அத்தகைய ஒரு காலையில், தொலைநோக்கியும் கையுமாக நின்ற நம்மைக் கண்டு, வழியே வந்த நல்லவர் ஒருவர் நின்றார். "சுவாமி, இந்தத் தரிசில் என்ன பார்க்கிறீர்கள்? மண்ணடித்தால் பத்து வீடு கட்டலாமே!" என்றார். அவர் தீயவர் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். ஆதலால்தான் அவருக்கு மறுமொழி சொல்வது நம் கடமையாகிறது.

பறவை பார்ப்பது வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற பொழுதுபோக்கு என்பது முதல் வாதம். இது வரலாறு அறியாதார் கூற்று. குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தை விளித்துப் பிசிராந்தையார் பாடியது புறநானூற்றின் 67ஆம் பாடல். தென்குமரியில் நீராடி வடக்கே மீளும் நாரையைத் தூது விட்டவர் சத்திமுத்தப் புலவர். பறவை குமரிக்கு வருவதையும் வடக்கே திரும்புவதையும் நம் புலவர்கள் கண்டறிந்திருந்தனர். அப்படியிருக்க, பறவை பார்ப்பது நமக்கு அந்நியமாவது எங்ஙனம்? நம் மூதாதையர் கண்ணை நாமே இழந்துவிட்டு, கண்ணுடையாரை அந்நியர் என்கிறோம்.

ஏழைக்குச் சோறில்லாத நாட்டில் பறவைக்கு என்ன பரிவு என்பது இரண்டாம் வாதம். கேட்பதற்கு அறம் போல் ஒலிக்கும். ஆனால் குளத்தின் விளிம்பைத் தூர்ப்பவன் பசித்தவன் அல்லன் என்பதை ஊரறியும். புழுவும் நத்தையும் வாழும் சேற்றில்தான் பறவை இறங்கும். புழு வாழாத சேறு நஞ்சுண்ட சேறு. அத்தகைய குளத்தின் நீர் நெல்லுக்கும் மீனுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் நலம் தருமோ? பறவை வராத குளம் ஏழைக்கு வரவிருக்கும் இழப்பை முன்னறிவிக்கும் குளம். 2021 நவம்பரில் பெருமழை பெய்து நம் மாவட்டத்தின் வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கியபோது, மழையை நொந்தோம். மழைநீர் தங்க வேண்டிய இடங்களில் நாம் என்னென்ன கட்டிவைத்தோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

குளம் அரசின் பொறுப்பு, நமக்கென்ன என்பது மூன்றாம் வாதம். 2022இல் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர் நீர்நிலையும் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த உலக உடன்படிக்கை 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தானது. சுசீந்திரம்–தேரூர்ப் பகுதியின் பரப்பு 94.23 ஹெக்டேர், வேம்பனூரின் பரப்பு 19.75 ஹெக்டேர். பட்டியலில் ஏறிய பெயர் பெருமைதான். ஆயினும் இரவில் குளத்தில் கொட்டப்படும் குப்பையைப் பட்டியல் வந்து தடுக்காது. பட்டியலில் இடம்பெறாத சிறு குளங்களோ எத்தனை! அவற்றைக் காக்க ஊராரின் கண்ணன்றி வேறு காவல் இல்லை.

வானத்துப் பறவைகளைப் பற்றி ஆண்டவர் கூறியதைக் கவலைப்படாதிருக்கும் பாடமாக மட்டுமே நாம் மறையுரைகளில் விளக்கி வந்துள்ளோம். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்து அமைந்த வினைச்சொல் உற்று நோக்குதலைக் குறிப்பது. போகிற போக்கில் காண்பதை அன்று. பாடத்தைப் பிடித்துக்கொண்டோம், கட்டளையை விட்டுவிட்டோம். 2015 முதல் செப்டம்பர் 1ஆம் நாளைப் படைப்பின் பராமரிப்புக்கான செபநாளாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. அன்று தொடங்கி அசிசியாரின் திருநாளாகிய அக்டோபர் 4 வரையிலான நாள்களே வடபுலப் பறவைகள் நம் குளங்களில் வந்திறங்கும் நாள்கள். அந்நாள்களில் ஆலயத்துக்குள் சுவரொட்டி ஒட்டிவிட்டு, திருவிழாக் குப்பையைக் குளக்கரையில் கொட்டுவோமாயின், பறவைகளோடு பேசிய அசிசியாருக்கு எந்த முகத்தோடு விழா எடுப்பது?

பிறரைச் சாடுமுன் நம்மையும் சாடிக்கொள்ள வேண்டும். குருத்துவப் பணியில் எத்தனையோ புது வீடுகளை மந்திரித்திருக்கிறோம். அவற்றுள் சில, நேற்றுவரை வயலாகவும் குளத்தோரமாகவும் இருந்த மண்ணில் எழுந்தவை. தீர்த்தம் தெளித்தோம், விருந்துண்டோம், வாழ்த்தி வந்தோம். இந்த மண்ணுக்கு அடியில் என்ன இருந்தது என்று ஒருமுறையும் கேட்டோமில்லை. அன்று வழியில் நின்று வீட்டுக் கணக்குச் சொன்ன நல்லவருக்கு அக்கணக்கைக் கற்பித்ததில் நம் மௌனத்துக்கும் பங்குண்டு.

ஆகவே இவ்வாண்டு முதல் இரண்டு செய்வோம். புரட்டாசி ஞாயிறுகளில், காலைத் திருப்பலி முடிந்ததும், மறைக்கல்விச் சிறுவரோடு குளக்கரைக்குச் செல்வோம். ஒலிபெருக்கி வேண்டா, பொட்டலச் சோறும் வேண்டா, ஒரு குறிப்பேடு போதும். எந்தப் பறவை, எத்தனை என்று எழுதுவோம். எண்ணப் பழகிய பிள்ளை, எண்ணிக்கை குறையும்போது ஏன் என்று கேட்கும். அக்கேள்வி ஊரிலும் ஊராட்சியிலும் ஒலிக்கட்டும்.

மற்றொன்று நம்மைச் சார்ந்தது. வீடு மந்திரிக்க அழைப்போரிடம் நாளும் நேரமும் கேட்பதற்கு முன், இந்த மனை முன்பு என்னவாயிருந்தது என்று கேட்போம். சிலர் முகம் சுளிப்பர். சிலர் வேறு குருவை நாடுவர். ஆயினும் கேட்போம்.